கண்ணுக்கு ஒரு கதவு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டால் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். இன்று நான் பேச வந்திருப்பது ஒரு சின்னக் கண்ணைப் பற்றி. உங்கள் வீட்டு மடிக்கணினியின் மேல் விளிம்பில், மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதே, அந்தக் கேமராவைப் பற்றி. நான் கணினிப் பொறியாளன் அல்லன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆனாலும் இதைப் பேச எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடம் பூட்டப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. கைப்பேசியும் மடிக்கணினியுமே வகுப்பறை ஆயின. நானும் தினமும், "கேமராவைத் திறந்து வை, முகத்தைக் காட்டு" என்று பிள்ளைகளை அதட்டினேன். மூடி வைத்தவர்களைச் சோம்பேறி என்றுகூடச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் அதை மூடச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2021இல் ஒரு நாள் ஒரு மாணவி வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. இப்படியே மூன்று வாரம். கட்டுப்பாடு தளர்ந்ததும் வீடு தேடிப் போனேன். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். கடன் வாங்கி மகளுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கித் தந்திருந்தார். அது கோணிப்பையில் சுற்றி அலமாரியின் மேல் கிடந்தது.

அம்மா சொன்னார்: "ராத்திரி யாரும் அதைத் தொடல சார். பாப்பா அந்த ரூம்லதான் துணி மாத்திக்கிட்டு இருந்துச்சு. பாத்தா அந்தச் சின்ன வெளக்கு எரியுது. எனக்கு ஒடம்பே நடுங்கிப் போச்சு. பொம்பளப் புள்ளைக்கு இந்தச் சனியன் வேணாம் சார்."

வாங்கிப் பார்த்தேன். தெரிந்த நண்பர் ஒருவரிடமும் காட்டினேன். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல் ஒன்று உள்ளே இருந்தது. எப்படி வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான்தான் ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் படி அதில் இருந்தது. 'நம்ம பிள்ளைகளுக்கு உதவிதானே' என்றுதான் கொடுத்தேன். வேவு மென்பொருள் இந்த வழியிலும் வீட்டுக்குள் நுழைகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் சொன்ன கடன் இதுதான்.

அன்பர்களே, இந்தக் கேமராவின் தொடக்கம் வேடிக்கையானது. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், பக்கத்து அறைப் பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமராவை வைத்தார்கள். காப்பிப் பாத்திரத்தைப் பார்த்த கண்தான் இன்று நம் படுக்கையறை வரை வந்துவிட்டது.

அதை அந்நியன் எப்படித் திறக்கிறான்? மரக்குதிரைக்குள் வீரர்களை ஒளித்து டிராய் நகரத்துக்குள் அனுப்பிய பழைய கதை உங்களுக்குத் தெரியும். அதே தந்திரம்தான். விளையாட்டு, இலவச மென்பொருள், மின்னஞ்சலில் வரும் கோப்பு என்று ஏதோ ஒரு வேடத்தில் நிரல் உள்ளே வருகிறது. கதவைத் திறந்து விடுவது நாம்தான். அப்புறம் கேமரா, ஒலிவாங்கி, நாம் தட்டும் எழுத்து எல்லாமே அவன் கையில்.

இப்படிப்பட்ட நிரல்களில் ஒன்று 'பிளாக்ஷேட்ஸ்'. வெறும் 40 அமெரிக்க டாலருக்கு அதை விற்றார்கள். 100க்கு மேற்பட்ட நாடுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது புகுந்ததாக அமெரிக்க எப்.பி.ஐ. 2014 மே மாதம் அறிவித்தது. பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து 90 பேருக்கு மேல் கைது செய்தன.

2013இல் அமெரிக்க இளம் அழகியாகப் பட்டம் பெற்ற கேசிடி வுல்ஃப் என்ற பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய அறையில், அவருடைய கணினியின் கேமராவே எடுத்த படங்கள் அதில் இருந்தன. சொன்னபடி கேட்காவிட்டால் ஊருக்குக் காட்டுவேன் என்று மிரட்டல். விளக்குகூட எரியவில்லை என்று பிறகு அவர் சொன்னார். ஆனால் அவர் பணியவில்லை, புகார் செய்தார். பிடிபட்டவன் யார் தெரியுமா? அவர் படித்த பள்ளியிலேயே படித்தவன்! 2014இல் அவனுக்கு 18 மாதச் சிறை கிடைத்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க என்று வைத்த நிரல், வீட்டிலிருந்த பிள்ளைகளைப் படம் எடுத்தது. 2010இல் வழக்கு வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வெளிப்பட்டன. 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் மறக்கக் கூடாத பாடம் அது.

அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம் ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 2020 அக்டோபரில், அங்குள்ள வீடுகளில் பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்க வைத்த கேமராக்களின் காட்சிகள் திருடப்பட்டு ஆபாசத் தளங்களில் ஏறிய செய்தி வெளிவந்தது. 50,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் தங்கள் கையில் இருப்பதாக அந்தக் கும்பல் சொல்லிக்கொண்டது. பாதுகாப்புக்கு வைத்த கண்ணே பகையாகிப் போனது. சுவருக்கும் காது உண்டு என்றார்கள் நம் பெரியவர்கள். இன்று சுவருக்குக் கண்ணும் முளைத்துவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிய படிப்பு தேவையில்லை.

முதலாவது, கண்ணை மூடுங்கள். மெல்லிய காகிதத்தையோ ஒட்டுநாடாவையோ கேமராவின் மேல் ஒட்டுங்கள். வகுப்பு நேரத்தில் எடுங்கள், முடிந்ததும் ஒட்டுங்கள். பேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் தம் மடிக்கணினிக் கேமராவில் நாடா ஒட்டியிருந்ததை 2016இல் உலகமே படத்தில் பார்த்தது. பெரிய முதலாளிக்கே அது வெட்கமில்லை என்றால் நமக்கு என்ன வெட்கம்? தடித்த மூடி மட்டும் வேண்டாம், கணினியை மடக்கும்போது திரை உடைந்து போகலாம். இன்னொன்று, நாடா கண்ணைத்தான் மூடும், காதை மூடாது. வேலை முடிந்தால் கணினியையே அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, விளக்கை மட்டும் நம்பாதீர்கள். 2008க்கு முந்தைய சில ஆப்பிள் கணினிகளில் விளக்கு எரியாமலேயே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். நாம் தொடாதபோது விளக்கு எரிந்தாலோ, உடனே இணையத்தைத் துண்டித்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, திருட்டு மென்பொருள் வேண்டாம், ஆசிரியரே கொடுத்தாலும் வேண்டாம்! புலனத்தில் கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். நிஜமான பத்திரிகை படமாக வரும், நிறுவச் சொல்லிக் கேட்காது.

நான்காவது, கணினி கேட்கும் புதுப்பிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமைப்புகளில் 'தனியுரிமை' பகுதிக்குப் போய், எந்தெந்தச் செயலிக்குக் கேமரா அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். கைவிளக்குச் செயலிக்கு உங்கள் முகம் எதற்கு? புதிய கைப்பேசிகளில் கேமரா இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி தோன்றும். பிள்ளைகளே, அதைப் பார்க்கப் பழகுங்கள்.

ஐந்தாவது, வீட்டுக் கேமரா வாங்கினால் அதோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். குளியலறை, படுக்கையறைப் பக்கம் அதைத் திருப்பி வைக்காதீர்கள்.

பெற்றோர்களே, இதுவரை சொன்னது கணினிக்கு. இனிச் சொல்வது நமக்கு. மிரட்டுகிறவனுடைய பலம் கணினியில் இல்லை. "அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பார்" என்று பிள்ளை பயப்படுகிறதே, அந்தப் பயம்தான் அவனுக்கு மூலதனம். பிள்ளை அழுதுகொண்டு வந்தால் கை ஓங்காதீர்கள். "நீ தப்பு பண்ணலம்மா, வா பாப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் அவன் தோற்றுப் போவான். காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 பிரிவும் உதவும். பணம் பறிபோயிருந்தால் 997ஐ அழையுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது குற்றம் என்று நம் நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டம் இயற்றி, 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று விதித்தார்கள்.

'உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பணம் அனுப்பு' என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்பும் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்களிடம் ஒரு படமும் இருக்காது. பதறாதீர்கள்.

அந்த மாணவியின் கதையை முடிக்கிறேன். கணினியைச் சுத்தமாக அழித்து, முறையாக எல்லாம் நிறுவி, மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லி அந்தத் தாயிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை எடுத்து வந்து, அந்தக் கறுப்புப் புள்ளியின் மேல் அழுத்தி ஒட்டினார். "இப்ப படி" என்றார் மகளிடம். அந்தப் பிள்ளை இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள்.

அந்தத் தாய் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். பயந்துபோய்க் கணினியைக் கோணிப்பையில் கட்டி வைத்தால், திருடனுக்காக நம் பிள்ளையின் படிப்பைக் கட்டி வைத்ததாகிவிடும். பெண் பிள்ளைதான் அதில் அதிகம் இழப்பாள். வீட்டுக்குக் கதவு வைத்த நாம் இந்தக் கண்ணுக்கும் ஒரு கதவு வைப்போம். பிள்ளைகள் தைரியமாகப் படிக்கட்டும்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்து.