பந்தல் காலியான பிறகு பழ ஈ எங்கே போகிறது?



மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பாகற்காய் வாங்குகிறவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு பக்கமாக வளைந்து, அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பழுத்திருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். நறுக்கினால் வெள்ளைப் புழு நெளியும். காய் பிஞ்சாக இருந்தபோதே பெண் பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிட்டுப் போயிருக்கும். துளையின் வாயில் பிசின் கசிந்து உறைந்திருக்கும். மேலே தெளிக்கும் மருந்து உள்ளே இருக்கும் புழுவைத் தொடுவதில்லை. வளர்ந்த புழு காயிலிருந்து குதித்து, சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. வெப்பம் தோதாக இருந்தால் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் போதும்.

பருவத்தைப் பொறுத்துச் சேதம் 30 விழுக்காட்டிலிருந்து முழு இழப்பு வரை போகும். வெளிநாட்டுச் சந்தையிலும் அடி விழுந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு இலையையும் நிறுத்தி வைத்தபோது, காரணங்களில் முன்னே நின்றது பழ ஈ.

கோடையில் ஈ குறையும், மழைக்காலத்தில் உச்சம் தொடும், ஆகவே விதைப்புக் காலத்தை மாற்றுங்கள் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடாக இருக்கும்போது ஈ பெருகுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் எந்த மழை? பஞ்சாபிலும் டெல்லியிலும் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. பிறகு வரும் குளிர் ஈயை ஒடுக்கிவிடும். சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மார்கழி இரவிலும் இங்கே ஈ ஒடுங்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. வடக்கே வரைந்த பருவ அட்டவணையைக் கடற்கரை மாவட்டங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று, கணக்கெடுக்கும் முறை. கியூலூர் என்னும் கவர்ச்சிப் பொருள் வைத்த பொறியில் விழுவது ஆண் ஈ மட்டுமே. அடைமழையில் ஈ பறக்காது. பொறி காலியாக இருக்கும், ஈயோ இலை மறைவில் இருக்கும். நம் ஊர்க் கருவாட்டுப் பொறி இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. முட்டை முதிரப் புரதம் தேவை என்பதால் பெண் ஈயும் அந்த வாடைக்கு வந்து விழும். கருவாடு காய்ந்துவிட்டால் வராது. அடிக்கடி நனைத்து மாற்ற வேண்டும். எக்டேருக்கு 50 பொறிகள் என்பது பரிந்துரை. பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு மட்டுமல்ல, கணக்கெடுப்புக்கும் இதை முறையாகப் பயன்படுத்தலாம்.

காய்கறிப் பந்தல் காலியான மாதங்களில் ஈ எங்கே இருக்கிறது? பதில் சென்னை நகரத்திலேயே இருக்கக்கூடும். அடையாற்றின் கரையிலும், காலி மனைகளின் வேலியிலும் கோவைக்கொடி படர்ந்து கிடக்கிறது. அதன் காயிலும் இதே ஈ முட்டையிடும். தி.நகர் மொட்டை மாடிகளில் புடலையும் பீர்க்கும் காய்க்கின்றன. வெம்பி விழுந்த பிஞ்சு தொட்டி மண்ணிலேயே கிடக்கிறது. வயலில் மட்டும் பொறி வைத்தால் கணக்கில் பாதி விட்டுப்போகும்.

ஜப்பானின் ஒகினாவாவில் இதே ஈயை 1978-இல் குமே தீவிலும், 1993-க்குள் மாகாணம் முழுவதிலும் ஒழித்தார்கள். இனப்பெருக்கத்தைத் தடுக்க மலட்டு ஈக்களை விடுமுன் தீவில் எத்தனை ஈ இருக்கிறது என்று மதிப்பிட்டார்கள்; காட்டுக்கொடிகளையும் விடவில்லை. சென்னை தீவல்ல, அந்த முறை இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் எண்ணிப் பார்த்த பொறுமையை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வில் பொறித் தரவுகளை வைப்பவர்கள், எந்தப் பொறி, எத்தனை நாளுக்கொரு முறை கவர்ச்சிப் பொருள் மாற்றப்பட்டது, அந்த வாரம் பந்தலில் பிஞ்சு இருந்ததா, பக்கத்தில் கோவைக்கொடி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி அவை கேட்டுக்கொள்கிறது.