வலி போனால் கல் போனதாகாது

(ஆஸ்பத்திரி ஸ்தோத்திரக் கூடுகையில் நம் ஊழியத்தைத் தாங்கும் நண்பர்களுக்கு அளிக்கப்பட்ட செய்தி)



கல்லடைப்பு என்றதும் நமக்கு வாழைத்தண்டுச் சாறுதான் நினைவுக்கு வரும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். சாறுதான் குணமாக்கிற்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பெரிய கல் ஒன்று, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயில் சிக்கிக்கொண்டால் நிலைமை வேறு. அந்தக் குழாயின் உட்புறம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமே. அடைபட்ட சிறுநீர் மேலே தேங்கி, சிறுநீரகம் வீங்கிவிடும். சில நாட்களில் வலி குறையலாம். நோயாளியும் வேலைக்குத் திரும்பிவிடுவார். உள்ளே சிறுநீரகமோ சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் அப்படித்தான் எங்களிடம் வந்தார். நாளெல்லாம் வெயில், ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து பழகியவர். இரண்டு மாதத்துக்கு முன் வந்த வலி தானாக நின்றுவிட்டதாம். இப்போது நடுக்கத்துடன் காய்ச்சல். ஸ்கேனில் கல்லும், அதற்கு மேலே தேக்கமும் தெரிந்தன. தேங்கிய நீரில் கிருமி இருக்கும்போது கல்லை உடைத்தால், கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அன்றிரவே முதுகுப்புறமாக ஒரு குழாய் போட்டோம். சீழ் வடிந்தது. விடியுமட்டும் ஜெபத்தோடு காத்திருந்தோம். காய்ச்சல் தணிந்தது.

இரண்டு வாரம் கழித்து லேசர் சிகிச்சை. உடம்பில் கத்தி படவில்லை. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தினோம். அதற்குள் நுழையும் கண்ணாடி இழை வழியாக ஹோல்மியம் லேசர் பாய்ந்து கல்லைப் பொடியாக்கிற்று. அதன் சக்தியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிவிடுவதால், கவனமாகக் கையாண்டால் குழாயின் சுவருக்குச் சேதம் குறைவு. முன்பெல்லாம் விலாவைத் திறந்து கல்லை எடுத்து, வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். இவர் மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

புண் ஆறும்வரை குழாய் அடையாதிருக்க, உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தோம். சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதன்மேலேயே கல் படிந்து, மீண்டும் அடைப்பு உண்டாகும். குறித்த நாளில் அந்தத் தாயார் வரவில்லை.

எங்கள் ஊழியர் தேடிப்போனபோது அவர் சொன்னார்: "வலி இல்லீங்களே. ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போனா வீட்ல அடுப்பு எரியாது." நாங்கள் அவருடைய நோயை விசாரித்தோமேயன்றி, அவர் திரும்பி வரும் வழியை விசாரிக்கவில்லை. அது எங்கள் குறை. அவரை அழைத்துவந்து ஸ்டென்டை எடுத்தோம். அந்தச் சிறுநீரகம் முழுப்பலம் பெறவில்லை. ஆயினும் வேலை செய்கிறது.

இப்போது ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவரின் பெயரும், எடுக்கவேண்டிய தேதியும் ஒரு தனிப் பதிவேட்டில் இருக்கின்றன. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிப்போனான். லேசர் கருவிக்கு உதவின நண்பர்களே, இன்று நாங்கள் கேட்பது சிறியது: இப்படிப்பட்ட ஏழைகள் மறுமுறை வர பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.