தன்வரலாறும் வரலாறும்: 1806ஐ வாசிப்போர் இரு திறத்தார்

நூல் வாசிப்போரிடையே ஒரு பழைய வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. தன்வரலாறும் நினைவுக்குறிப்பும் பெரிதா, வரலாற்று நூல் பெரிதா என்பதே அவ்வழக்கு. ஒரு சாரார், "கண்டவன் சொல்லே சொல், ஏட்டைப் புரட்டி எழுதுபவனுக்கு அந்த நாளின் வெயில் தெரியுமா?" என்பர். மற்றொரு சாரார், "கண்டவன் கண்டது தன் சன்னல் வழியே, தெரு முழுவதையும் காட்டுவது வரலாறே" என்பர். இரு சாராரும் நன்கு கற்றோர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலால்தான் இவ்வழக்கு தீராமல் நீள்கிறது.

தமிழில் இரண்டிற்கும் நல்ல சான்றுகள் உள. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இல்லையேல், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் பேச்சும் மூச்சும் மறைந்தே போயிருக்கும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓலைச்சுவடியைத் தேடியலைந்த ஒருவர் தம்மைப்பற்றி எழுதத் தொடங்கி, தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் உருவத்தையே நமக்கு மிகுதியாக வரைந்து தந்தார். வ.உ.சிதம்பரனாரோ தம் வரலாற்றைச் செய்யுளிலேயே பாடிவைத்தார். தன்வரலாற்றை விரும்புவோர் இவற்றை எடுத்துக்காட்டும்போது மறுப்பதற்கு இடமில்லை.

எனினும் இவ்வழக்கைப் பொதுவாகப் பேசுவதால் பயன் குறைவு. வேலூரில் பேசும்போது வேலூரையே உரைகல்லாகக் கொள்ளலாம். கோட்டை இருக்கிறது, அகழி இருக்கிறது, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளைப்பற்றி எழுந்த நினைவுக்குறிப்புகளும் வரலாற்று நூல்களும் வாசகரை எவ்வாறு பிரித்தன என்று நோக்கின், வழக்கின் உட்பொருள் விளங்கும்.

நிகழ்ந்தது

நிகழ்ச்சியின் எலும்புக்கூட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரேடக். அவர் காலத்தில், 1805 நவம்பரில், புதிய தலைப்பாகை பற்றிய ஆணை வந்தது. அதில் தோலாலான குஞ்சம் இருந்தது. பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்ற ஐயம் சிப்பாய்களிடம் எழுந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் சேர்ந்தன. 1806 மே மாதத்தில் வேலூரில் எதிர்ப்புத் தெரிவித்தவர்களுள் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஒருவர் இந்து, மற்றவர் இசுலாமியர். முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் சதி நடப்பதாக முன்கூட்டியே எச்சரித்தும் அவர் சொல் ஏற்கப்படவில்லை.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பத்தார் இக்கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் உயிரிழந்தார். 14 அதிகாரிகளும் 69ஆம் படைப்பிரிவின் ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி 19ஆம் குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பாரும் உளர். 800க்கு மேல் என்பாரும் உளர். தலைப்பாகை ஆணை அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரேடக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

எலும்புக்கூடு இது. இதற்குத் தசையும் குருதியும் தருவது எந்த நூல் என்பதில்தான் வாசகர் பிரிகின்றனர்.

கண்டவர் எழுதியவை

முதலாவது, பேன்கோர்ட்டின் மனைவி அமேலியா எழுதிய குறிப்பு. கணவர் வெளியே சென்றபின், தம் இரு குழந்தைகளுடன் கோழிகள் அடைக்கும் இடத்தில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர் அவர். நிகழ்ச்சி முடிந்த சில கிழமைகளில் எழுதப்பட்ட அக்குறிப்பு, 1842இல்தான் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இதழொன்றில் அச்சேறியது.

இக்குறிப்பை வாசித்த தமிழ் வாசகருள் ஒரு பகுதியினர் இதனைப் புறந்தள்ள விரும்புவர். "அடிமைப்படுத்தியவர் வீட்டுக் கண்ணீர் நமக்கெதற்கு?" என்பது அவர்கள் வினா. மற்றொரு பகுதியினர், "குழந்தையை மார்போடு அணைத்து மூச்சடக்கி இருந்த ஒரு தாயின் அச்சத்தில் நாடு ஏது, நிறம் ஏது?" என்பர். இவ்விரண்டும் வாசிப்பின் இரு பாதியே. அத்தாயின் அச்சம் உண்மை. அதனை ஐயுறுவது அறமன்று. ஆனால் ஒளிந்திருந்தவர் கண்ணுக்குச் சிப்பாய் என்பவன் கதவருகே வரும் காலடி ஓசை மட்டுமே. அவன் ஏன் வந்தான், அவன் தோழன் முதுகில் என்ன நிகழ்ந்தது என்பன அந்த இருட்டிற்குள் தெரியா. குறிப்பு பொய் சொல்லவில்லை; தான் இருந்த இடத்தின் அளவே சொன்னது.

இரண்டாவது, பொறியியற் படை அதிகாரியான ஜான் பிளாக்கிஸ்டன் 1829இல் வெளியிட்ட நினைவு நூல். கில்லஸ்பியுடன் ஆர்க்காட்டிலிருந்து வந்தவர் அவர். அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் வெளியே கொணரப்பட்டு, சுவரோரம் நிறுத்தப்பட்டு, பீரங்கியின் சிதறுகுண்டுகளால் ஒருவர்விடாமல் கொல்லப்பட்டதை அவர் எழுதுகிறார். அக்காட்சியைத் தாம் ஏறக்குறைய அமைதியுடனேயே பார்த்ததாகவும், அது தக்க தண்டனையே என்றும் சேர்த்தெழுதுகிறார்.

இந்நூலைக் கொடியவன் நூல் என்று மூடிவைப்போர் ஒரு பெரும் சான்றை இழக்கின்றனர். விசாரணை நடந்ததா, தீர்ப்பு வந்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த அதிகாரியே, தம் தரப்புக்குப் பெருமை என்று எண்ணி, விடை எழுதிவைத்துவிட்டார். தன்வரலாற்றின் தனித்தன்மை இதுவே. எழுதுபவர் தம்மை நியாயப்படுத்த முனையும் இடத்திலேயே தம்மை அறியாமல் தமக்கெதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறார். வரலாற்று நூலாசிரியர் எவரும் 'அமைதியுடன் பார்த்தேன்' என்னும் அந்த ஒரு செய்தியைக் கற்பனையால் படைத்துவிட முடியாது.

மூன்றாவது, ஆளுநர் பெண்டிங்கு 1810இல் வெளியிட்ட முறையீடு. பதவி பறிக்கப்பட்டவர், தம்மேல் குற்றமில்லை என்று கம்பெனியின் இயக்குநர் அவைக்கு எழுதியது அது. நினைவுக்குறிப்பு பலவேளைகளில் ஒரு மனுவாகவும் இருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மனுவை வாசிப்பவர் முதலில் கேட்கவேண்டியது, 'இது யாருக்கு எழுதப்பட்டது?' என்பதே. இந்த மனுதாரரே 1828இல் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்தார் என்பது நினைக்கத்தக்கது.

கேட்டவர் எழுதியவை

வரலாற்று நூல்கள் மட்டும் ஒருமனப்பட்டனவா எனின், இல்லை. வேலூரில் குருதி உலர்ந்து ஈராண்டு செல்லுமுன்னரே இங்கிலாந்தில் துண்டு நூற்போர் மூண்டது. கிறித்தவச் சமயப் பணியாளரின் செயலே சிப்பாய்களை அஞ்சச் செய்தது என்று தாமஸ் துவைனிங்கும் ஸ்காட் வேரிங்கும் எழுதினர்; ஆண்ட்ரூ புல்லர் மறுத்தெழுதினார். வேலூரைக் காணாதவர்கள் வேலூரைப்பற்றி வாதிட்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேலூரன்று; இந்தியாவில் சமயப்பணி நடக்கலாமா கூடாதா என்ற தத்தம் முடிவுக்கு ஓர் ஆயுதம். வரலாறு என்னும் பெயரிலும் மனு எழுதப்படும் என்பதற்கு அது சான்று.

பின்னர் வந்த கே என்பார், 1857ஐப்பற்றிய தம் பெருநூலின் முன்னுரைப் பகுதியில் வேலூரை ஒரு முன்னறிகுறியாக வைத்தார். வில்சனின் சென்னைப் படை வரலாறு இதனை ஒழுங்குமீறலின் கணக்கில் சேர்த்தது. விடுதலைக்குப் பின் பார்வை மாறியது. கே.இராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூலில், 1800-1801இல் நிகழ்ந்த தென்னிந்தியக் கிளர்ச்சியே முதல் விடுதலைப்போர் என்றார். 1982இல் பெ.சின்னையனின் நூல் வேலூரை ஆங்கிலேயருக்கெதிரான முதல் எழுச்சி என்றது. 1986இல் மாயா குப்தாவும், 2007இல் கா.அ.மணிக்குமாரும் ஆவணங்களை மீண்டும் புரட்டினர். 2007இலேயே ஜேம்ஸ் ஹூவர் படைக்குள் நிலவிய ஒழுங்கும் மனக்குறையும் பற்றி ஆய்ந்தார்.

இந்நூல்களை வாசிப்போர் இரு சொற்களால் பிரிகின்றனர். ஒன்று, 'கலகமா, புரட்சியா?' என்பது. மற்றொன்று, 'எது முதல்?' என்பது. 1857ஐ முதல் விடுதலைப்போர் என்று சாவர்க்கர் 1909இல் எழுதினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே வேலூர் என்று வடாற்காட்டார் பெருமிதம் கொள்வர். அதற்கும் முன் மருது சகோதரர் என்று சிவகங்கையார் எழுவர். பெருமிதம் நன்றே. ஆனால் 'முதல்' என்னும் பட்டத்திற்காக நடக்கும் போட்டியில், தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு அன்றிரவு உறங்காமல் இருந்த மனிதன் மறைந்துவிடுகிறான். சம்பளம், கசையடி, குடும்பம், சமயம், சீரங்கப்பட்டணத்தின் நினைவு எல்லாம் அவன் நெஞ்சில் ஒன்றாகவே கிடந்திருக்கும். ஒரே காரணம் தேடும் நூல் அந்நெஞ்சைக் கூறுபோட்டுவிடுகிறது.

வேலூரில் இப்பிரிவு கல்லிலேயே நிற்கிறது. கோட்டையை அடுத்த பழைய ஐரோப்பியர் கல்லறையில் 1806இல் இறந்த வெள்ளையருக்கு நினைவுச் சின்னம் உண்டு. மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் உண்டு. 2006இல் இருநூறாம் ஆண்டையொட்டி அஞ்சல் துறை தபால்தலையும் வெளியிட்டது. இரண்டு கல்லையும் ஒரே நாளில் சென்று பார்ப்பவரே முழு வாசகர்.

எழுதப்படாத நூல்

இனி வழக்கின் தீர்ப்புக்கு வரலாம். அமேலியா எழுதினார், பிளாக்கிஸ்டன் எழுதினார், பெண்டிங்கு எழுதினார். சிப்பாய்களின் தரப்பிலிருந்து அவ்வாறொரு நூல் கிடைக்கவில்லை. அவர்கள் குரல் எஞ்சியிருப்பது விசாரணைக் குழுவின்முன் அளித்த வாக்குமூலங்களில் மட்டுமே. அவையும் தண்டனைக்கு அஞ்சிச் சொன்னவை, வேற்றுமொழியில் பெயர்த்தெழுதப்பட்டவை. தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் பேசிய நாக்குகள் ஆங்கிலத்தில் உறைந்து கிடக்கின்றன.

ஆகவே, இவ்விடத்தில் நினைவுக்குறிப்பை மட்டும் நம்பும் வாசகர் எழுதத் தெரிந்தவர் பக்கமே சாய்ந்துவிடுவார். எழுதாதவருக்காக வழக்காட வரலாற்றாசிரியர் தேவை. அவர்தாம் வாக்குமூலத்தையும் ஆணையையும் அருகருகே வைத்து, இடைவெளியில் நிற்கும் மனிதனைக் காட்டுகிறார். அதேபோல் வரலாற்றை மட்டும் நம்பும் வாசகர், எண்ணிக்கையைக் கற்று வலியைக் கல்லாமல் போவார். நினைவுக்குறிப்பு சாட்சி, வரலாறு விசாரணை. சாட்சியில்லா விசாரணை வெறுங்கூடு. விசாரணையில்லாச் சாட்சி ஒருதலை வழக்கு.

இது இருநூறாண்டுப் பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. பாலாற்றங்கரையில் இதே குறை இன்றும் தொடர்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழிற்பகுதியின் கதை ஆவணங்களில் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்னும் கணக்கும் அதில் உண்டு.

கணக்கு உண்டு, கதை எங்கே? கிணற்று நீர் நிறம் மாறிய நாளைக் கண்ட உழவர், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் கழுவிக் கால் வெந்த தொழிலாளி, தோலை நம்பியே மூன்று தலைமுறை உண்டு உடுத்த குடும்பம், காலணித் தொழிற்சாலைப் பேருந்திற்கு விடியுமுன் ஓடும் பெண்கள் ஆகிய இவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் முரண்பட்ட நினைவுகளை உடையவர்கள். ஆற்றை இழந்தவருக்கும் ஆலையால் வாழ்ந்தவருக்கும் ஒரே வரலாறு இல்லை. அந்த முரண்பாட்டோடேயே அவை எழுதப்படவேண்டும். இல்லையெனில், நாளைய ஆய்வாளர் நீதிமன்றக் கோப்பை மட்டுமே புரட்டி, 1806இன் சிப்பாய்களைப் போலவே இவர்களையும் பிறர் மொழியிலேயே கேட்க நேரும்.

கவிஞர்களுக்கும் இவ்வட்டத்து உறுப்பினர்களுக்கும் இங்கே ஒரு கடமை காத்திருக்கிறது. வீட்டிலுள்ள முதியவர் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமர்வது பெருங்கலையன்று, பொறுமை போதும். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுக. ஆண்டும் ஊரும் கேட்டுக் குறிக்க. மாறுபட்டுச் சொல்பவரையும் தேடிச்சென்று எழுதுக. நினைவுக்குறிப்பு பெரிதா, வரலாறு பெரிதா என்று வாதிடும் உரிமை வாசகருக்கு என்றும் உண்டு. ஆனால் வாதிடுவதற்கு முன் இரண்டும் இருந்தாகவேண்டும். வேலூர்ச் சிப்பாயின் நூல் இனி வாராது. பாலாற்று மக்களின் நூலுக்கு இன்னும் காலம் இருக்கிறது.