நாவன்மையும் நாற்காலியும்

 

பேச்சினால் ஒரு மனிதன் எவ்வளவு உயரத்திற்குப் போக முடியும், எந்த இடத்தில் அந்தப் பேச்சு அவனைக் கைவிடும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். நானும் மேடையேறிப் பேசுவதையே வேலையாகக் கொண்டவன். ஆகையால் இந்த வித்தையின் உள்பக்கம் கொஞ்சம் தெரியும்.

நன்றாகப் பேசுகிறவனைக் கண்டால் நம் ஜனங்கள், அவன் நாக்கில் சரஸ்வதி குடியிருக்கிறாள் என்பார்கள். சரஸ்வதியின் பெயரையே கேட்டிராத அமெரிக்காவில், ஒரே பேச்சினால் மறுநாளே ஜனாதிபதி பதவிக்கு அபேட்சகரானவர் ஒருவர் இருந்தார். வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் என்பது அவர் பெயர். 1860-ல் இல்லினாய் மாகாணத்தில் பிறந்து, நெப்ராஸ்காவில் வக்கீல் தொழில் நடத்தி, 1890-ல் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1896-ல் அவருக்கு வயது 36. கையில் எந்தப் பதவியும் இல்லை.

அந்த நாட்டுக் குடியானவனின் அன்றைய கஷ்டம் பொய்க் கஷ்டமல்ல. யார் வெள்ளி கொண்டுவந்தாலும் நாணயமாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தைச் சர்க்கார் 1873-ல் நிறுத்திவிட்டது. பணத்திற்குத் தங்கமே அளவு என்றாயிற்று. பணம் முடங்கிற்று, கோதுமை, பருத்தி விலை இறங்கிக்கொண்டே போயிற்று, வாங்கிய கடன் மட்டும் இறங்கவில்லை. நூறு மூட்டை விற்றால் தீரும் என்று நம்பிக் கடன் வாங்கியவன், விலை பாதியானபின் இருநூறு மூட்டை விற்றாக வேண்டும். 1893-ல் பாங்குகளும் விழுந்தன. இந்த நிலையில் குடியானவர்கள், 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற வீதத்தில் வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கு என்று கேட்டார்கள். கடைத்தெருவிலோ 1 பங்கு தங்கத்திற்குச் சுமார் 30 பங்கு வெள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் யார் தலையில் விழும், கூலிக்காரன் வாங்கும் சம்பளம் என்னவாகும் என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

1896 ஜூலை 9-ந் தேதி சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மகாநாடு. மண்டபத்தில் சுமார் 20,000 பேர். ஒலிபெருக்கி இல்லாத காலம். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத கடைசி வரிசைக்குப் பிரையன் குரல் கணீரென்று போய்ச் சேர்ந்தது. விவாதத்தில் கடைசி முறையும் அவருக்கே கிடைத்தது. கடைசிப் பேச்சு என்றால் பதில் சொல்ல ஆளில்லாத பேச்சு என்று அர்த்தம். இதை எந்த மேடைப் பேச்சாளியும் அறிவான். பாடுபடுகிறவன் தலையில் முள்முடி வைக்கிறார்கள், மனித ஜாதியைத் தங்கச் சிலுவையில் அறையப் பார்க்கிறார்கள் என்கிற பொருளில் முடித்து, இரண்டு கைகளையும் சிலுவைபோல் நீட்டிச் சில விநாடி அப்படியே நின்றார். கூட்டத்திற்கு வெறி பிடித்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மறுநாள் ஐந்தாவது ஓட்டெடுப்பில் அவரே அபேட்சகர்.

அருள் வந்து பேசினார் என்று நினைத்தவர்கள் ஏராளம். ஆனால் அந்தச் சிலுவை உவமையை 1894-லேயே காங்கிரஸ் சபையில் சொல்லிப் பார்த்தவர்தான் அவர். நம்மூர் சாமியாடிகூட எந்த அடிக்கு எந்த ஆட்டம் என்று முன்கூட்டியே தெரிந்துதான் ஆடுகிறான்.

இதில் நான் ரசித்த சங்கதி ஒன்று உண்டு. அதே மகாநாட்டில் இருந்த இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்ட் என்பவர் மறுநாள் தம் நண்பரிடம், பிரையன் பேச்சைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அவர் சொன்னதுதான் என்ன என்று கேட்டாராம். இவர் வெள்ளிக் கட்சிக்கே பெரிய தூண்! அந்த நண்பர் கிளாரன்ஸ் டாரோ என்னும் வக்கீல். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிரையன் ரயிலேறி 18,000 மைல் சுற்றி, சுமார் 600 கூட்டங்களில் பேசினார். எதிர் அபேட்சகர் மெக்கின்லி தம் வீட்டுத் திண்ணையைவிட்டு அசையவில்லை. ரயில்வேக்காரர்கள் கட்டணத்தைக் குறைத்து ஜனங்களை அவர் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மார்க் ஹன்னா என்ற முதலாளி சுமார் 35 லட்சம் டாலர் வசூலித்துச் செலவு செய்தார். முடிவில் மெக்கின்லிக்கு 271 தேர்வாளர் ஓட்டு, பிரையனுக்கு 176. நாக்கைப் பணப்பை ஜெயித்தது. இதைப் பகுத்தறிவின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். 1900-லும் 1908-லும் பிரையன் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். நியாயமாகச் சொன்னால் அவர் கெட்டவரல்ல. வருமான வரி வேண்டும், பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்றெல்லாம் வாதாடியவர்தான். 1913-ல் வெளிநாட்டு மந்திரியாகி, யுத்தத்தில் இழுபடக் கூடாதென்று 1915-ல் ராஜினாமாவும் செய்தார்.

அதே இல்லினாயில் இன்னொரு நாவலரும் இருந்தார். அவர்தான் நீங்கள் அறிந்த இங்கர்சால். பேச்சில் பிரையனுக்கு இளைத்தவரல்ல. ஆனால் அவர் சிலுவையைக் காட்டிப் பேசாமல் சிலுவையைப் பற்றியே கேள்வி கேட்டார். 1869-ல் அந்த மாகாண அட்டர்னி ஜெனரல் வேலை முடிந்தபின் வேறு எந்தப் பதவிக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இப்போது 1925-க்கு வாருங்கள். டென்னஸி மாகாணத்தில், மனிதன் கீழான பிராணியிலிருந்து வந்தான் என்று பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். டேட்டன் என்ற சிற்றூரில் ஸ்கோப்ஸ் என்னும் உபாத்தியாயர் மீது வழக்கு. சர்க்கார் பக்கம் பிரையன். உபாத்தியாயர் பக்கம் டாரோ. ஜூலை 20-ந் தேதி வெயில் தாங்காமல் கோர்ட்டு வாசல் புல்தரையில் விசாரணை நடந்தது. டாரோ பிரையனையே சாட்சியாகக் கூப்பிட்டார். அவரும் துணிந்து ஏறினார்.

சுமார் இரண்டு மணி நேரம். யோனாவை மீன் விழுங்கியது எப்படி? யோசுவா சூரியனை நிறுத்தினானென்றால் பூமி என்னவாயிற்று? காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள்? முப்பது வருஷமாக லட்சக்கணக்கானவர்களைக் கட்டிப் போட்ட அந்தக் குரல் அப்போதும் அவரிடம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு கேள்வி வந்துகொண்டேயிருந்தது. படைப்பின் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்களாக இல்லாமலிருக்கலாம் என்றுகூட ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கைதட்டக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியம் முழுவதையும் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார். பிரையன் நீண்ட முடிவுரை ஒன்றை எழுதி வைத்திருந்தார். கடைசிப் பேச்சின் ருசி கண்டவரல்லவா! டாரோ அதற்கும் இடம் வைக்கவில்லை. தம் கட்சிக்காரர் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஜூரிகளைக் கேட்டுக்கொண்டு, இரு பக்கத்து முடிவுரையும் இல்லாமல் செய்துவிட்டார். உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம். ஐந்து நாள் கழித்து, ஜூலை 26-ந் தேதி, டேட்டனிலேயே பிரையன் காலமானார். அந்த அபராதம் 1927-ல் மேல் கோர்ட்டில் தள்ளுபடியாயிற்று. சட்டம் 1967 வரை இருந்துதான் போயிற்று.

தலைவர் அவர்களிடம் சில கேள்விச் சீட்டுகள் வந்திருப்பதாகத் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.