பூப்பறிக்கும் கைகளுக்கு ஓர் எச்சரிக்கை
(திருப்பதிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலர் வீடுகளில் துளசி, பவழமல்லி, நந்தியாவட்டை, கொஞ்சம் கீரை என்று சிறு தோட்டம் வைத்திருக்கிறோம். விடியற்காலையில் ஸ்நானம் செய்து, ஈரம் உலராத மடியோடு, வெறுங்காலில் இறங்கிப் பூப்பறிப்பது நம் வழக்கம். அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சேஷாசலத்தின் அடிவாரத்தில் இருக்கிறோம். எலி, பெருச்சாளி, மூஞ்சூறு, பாம்பு, குரங்கு எல்லாம் நமக்கு அண்டை வீட்டார். இவற்றில் பாம்புக்கு எல்லோரும் பயப்படுகிறோம். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு யாரும் பயப்படுவதில்லை. அதுதான் உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சிப்பாய்களை வாட்டிய அதே நோய். நம் ஊர் ஸ்விம்ஸ் மருத்துவர்கள் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். 2025 இறுதியில் சித்தூர் உள்பட ஆந்திராவின் பல மாவட்டங்களில் இது கண்டறியப்பட்டது.

எலிகள் நடமாடும் புதரிலும் புல்லிலும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகள் இருக்கும். அளவு அரை மில்லிமீட்டர்கூட இராது. கடித்தால் வலிக்காது. சுமார் பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகலாம். அது அக்குளிலும், இடுப்புப் புடவைக் கட்டிலும், தொடை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். நம் வீட்டு மாமிகளும் பாட்டிகளும் கூச்சப்பட்டு டாக்டரிடம் காட்டுவதில்லை. விஷயமே அங்கேதான் கெட்டுப்போகிறது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு தோன்றுவதில்லை. ஆகவே, "தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரையே போதும். சாதாரணமாக இரண்டு நாளில் ஜுரம் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசி வழியே கொடுப்பது மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டவும் ஒட்டாது.

இன்னொன்று எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த சேற்றில், காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் கிருமி உள்ளே போய்விடும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்குவது இரண்டு வியாதிக்கும் கதவைத் திறந்து வைப்பதுதான்.

திருமலையில் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வானைப் பாம்பு தீண்டியபோது, விஷம் இறக்க மறுத்துப் புஷ்ப கைங்கர்யத்தைத் தொடர்ந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் மகான், சேவிப்போம். நம்மை ஏதாவது கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம். பாம்புக்கடிக்குக் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம். குரங்கு கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசியைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சில யோசனைகள். தோட்டத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வையுங்கள்; வாசலில் கழற்றிக் காலை அலம்பிக்கொண்டு வந்தால் மடிக்கு ஒரு குறையும் வராது. துணிகளைப் புல்லிலோ செடிமேலோ உலர்த்தாதீர்கள். மண்வேலை முடிந்ததும் சோப்புத் தேய்த்துக் குளித்து உடுப்பை மாற்றுங்கள். பூஜை முடிந்த வாழைப்பழத்தையும் சாதத்தையும் செடியடியில் போட்டால் முதலில் வருவது எலிதான். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

வெளியூர்களிலிருந்து இந்த இதழைப் படிக்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்தை விட வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஜுரம் வந்தால் வெட்கப்படாமல் உடம்பைக் காட்டுங்கள்.