ஐந்நூறு ரூபாயில் ஈஸ்டர் விளையாட்டுகள்

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் போதகர் ஆற்றிய உரை)

லெந்து காலத்தில் போதகர் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று முன்வரிசையில் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். கேட்டது நீங்கள்தான். ஈஸ்டர் அன்று மாலை எங்கள் குழந்தைகள் வார்டில் ஒரு விளையாட்டு நேரம் நடத்தி வருகிறோம். படுக்கையில் இருக்கும் பிள்ளைகளோடு, அவர்களைப் பார்க்க வரும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, ஊழியர்களின் பிள்ளைகள் என்று முப்பது பேராவது சேர்ந்துவிடுகிறார்கள். வயது இரண்டு முதல் பதினான்கு வரை. "எங்கள் சபையிலும் நடத்த ஆசை ஐயா, ஆனால் கையில் பணமில்லை, பிள்ளைகளும் பல வயது" என்று உங்களில் அநேகர் சொன்னீர்கள். அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம். முப்பது பிள்ளைகளுக்கு எங்கள் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. அதில் பெரும்பங்கு முட்டைக்கு. மற்றவை பழைய புடவை, பழைய காலண்டர், பழைய கல்யாணப் பத்திரிகை. இவை இல்லாத வீடு புதுச்சேரியில் உண்டா?

இனி விளையாட்டு. மிஷன் வீதிக் கதீட்ரலின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், பெரிய வியாழன் இரவு வழிபாட்டுக்குப்பின் கத்தோலிக்க ஆலயங்களில் மணி அடிப்பதில்லை. ஈஸ்டர் திருவிழிப்பில்தான் மறுபடி ஒலிக்கும். பிரான்சு நாட்டுப் பெற்றோர் இதை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வார்கள். மணிகளெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்துபோயிருக்கின்றன, ஈஸ்டர் காலையில் திரும்பி வரும்போது வழியிலுள்ள தோட்டங்களில் முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகும் என்று. ஜெர்மனியில் அந்த வேலையை முயல் செய்கிறது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் ஊருக்கு முயலைவிட மணிதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே நாங்கள் மணியை வைத்தே முட்டை தேடுகிறோம். கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையில் முட்டை வடிவம் வெட்டிக்கொள்கிறோம். காலில் எடை கட்டிப் படுத்திருக்கும் பையனிடம் ஒரு சிறு கைமணியைக் கொடுத்து, முட்டைகள் இருக்கும் இடங்களை அவனுக்கு மட்டும் சொல்லிவிடுகிறோம். தேடுகிறவர்கள் முட்டையை நெருங்கினால் அவன் வேகமாக அடிப்பான், விலகினால் மெதுவாக. மூன்று வாரமாகக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளையின் கையைப் பார்த்து அன்றைக்கு வார்டே நடக்கிறது. அவனுடைய தாயாரின் முகத்தை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து முட்டை தேடவிட்டால் என்ன நடக்கும்? பன்னிரண்டு வயதுப் பையன் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொள்வான். மூன்று வயதுப் பாப்பா வெறும் கையோடு அழும். பல சபைகளில் இந்த விளையாட்டு அழுகையில் முடிவது இதனால்தான். பெரியவர்கள் தரும் சமாதானப் பரிசு அந்த அழுகையைத் தீர்ப்பதில்லை.

யோவான் சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ஒரு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா? கல்லறை வெறுமையாயிருக்கிறதென்று மரியாள் வந்து சொன்னவுடன் இரண்டு சீஷர்கள் ஓடுகிறார்கள். ஒருவர் பேதுரு. மற்றவரை யோவான் என்றும், வயதில் இளையவர் என்றும் சபை மரபு சொல்லிவருகிறது. அவர் பேதுருவை முந்தி முதலில் போய்ச் சேருகிறார். குனிந்து உள்ளே பார்க்கிறார், நுழையவில்லை. பின்னால் வந்த பேதுருதான் முதலில் உள்ளே போகிறார். அவர் ஏன் நின்றார் என்பதற்கு வேத அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். செமினரியில் எங்களுக்கும் சொன்னார்கள். அந்த விவாதம் இங்கே வேண்டாம். முந்தி வந்தவர் வாசலில் காத்திருந்தார் என்பது மட்டும் எங்கள் விளையாட்டுக்குப் போதும்.

அதை அப்படியே விதியாக்கிக்கொண்டோம். முட்டைகளை மூன்று நிறமாகப் பிரிக்கிறோம். சிவப்பு சின்னஞ்சிறுசுகளுக்கு, அவர்கள் முழங்கால் உயரத்தில், பாதி வெளியே தெரியும்படி. மஞ்சள் ஐந்து முதல் எட்டு வயதினருக்கு. நீலம் பெரியவர்களுக்கு. நீல முட்டையில் அடுத்த இடத்துக்கான விடுகதை எழுதியிருக்கும். வார்டைச் சுற்றி அலையவைத்துவிடும். ஒருவருக்கு ஐந்து முட்டைதான். ஐந்தும் கிடைத்தவர் நின்றுவிட வேண்டும். பிறகு அவருடைய வேலை, ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துப் போய், முட்டையைக் காட்டிக்கொடுக்காமல் அதற்கு அருகில் நிறுத்துவது. இது மிகவும் கடினம். பெரிய பையன்களுக்கு வாய் பரபரக்கும். எல்லாரும் ஐந்து எடுத்த பிறகே ஆட்டம் முடிகிறது.

முட்டை என்றேன். உண்மையான அவித்த முட்டையை ஒளித்து வைக்கவே கூடாதென்று எங்கள் டாக்டர்மார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் வரும். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருக்கலாகாது. கடைசி நேரத்தில் அவித்துக் கொண்டுவந்து உடனே தின்றுவிட வேண்டும். அதற்கும் ஒரு விளையாட்டு உண்டு. கிரேக்க நாட்டில் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை இருவர் ஒன்றோடொன்று தட்டுவார்கள். யாருடையது உடையாமல் நிற்கிறதோ அவர் ஜெயித்தவர். நாங்கள் வெங்காயச் சருகில் அவித்துச் செம்பழுப்பும், மஞ்சள்தூளில் அவித்து மஞ்சளும் ஏற்றுகிறோம். சாயத்துக்குக் காசு கிடையாது. தோற்றவரும் ஜெயித்தவரும் முட்டையைத் தின்பார்கள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம். எங்கள் வார்டில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கோட்டக்குப்பத்திலிருந்தும் வருகிறார்கள். ஆகவே எதைக் கொடுத்தாலும் முதலில் தாயாரையும் வார்டு சிஸ்டரையும் கேட்பது எங்கள் வழக்கம். மறுநாள் ஆபரேஷனுக்காகப் பட்டினி போடவேண்டிய பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும்.

ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கும் பந்தயம் எல்லாருக்கும் தெரியும். சில ஆண்டுகளில் ஏப்ரல் மாதத்து எலுமிச்சை முட்டையைவிட விலை ஏறிவிடுகிறது. நாங்கள் சின்ன உருளைக்கிழங்கு வைக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் சமையற்கட்டில் கழுவி, மறுநாள் குருமா. இந்தப் பந்தயத்தில் பெரியவர்கள் இடது கையில் பிடிக்க வேண்டும், சின்னவர்களுக்குக் குழிக்கரண்டி கொடுத்துவிடலாம். இப்படிச் செய்தால் ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே கோட்டில் நிற்கலாம்.

இன்னொன்றை நம் ஊரிலிருந்தே எடுத்தோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா வீட்டுப் பெரியவர்கள் மாலையில் இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடும் பெத்தாங்க் ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1900களின் தொடக்கத்தில் தென் பிரான்சில் லா சியோத்தா என்னும் கடலோர ஊரில் பிறந்தது. மூட்டு வாதத்தால் ஓட முடியாமற்போன ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலேயே நின்று எறியும்படி விதியை மாற்றினார்கள் என்று சொல்கிறார்கள். ஓட முடியாதவருக்காக உண்டான ஆட்டம் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பொருத்தம்! பழைய காலுறையில் மணல் நிரப்பித் தைத்தால் குண்டு தயார். ஒரு சிறு பந்தை முதலில் எறிந்து, அதற்கு மிக அருகில் யாருடைய குண்டு விழுகிறதென்று பார்ப்பதுதான் ஆட்டம். சக்கர நாற்காலிப் பிள்ளை நடக்கிற பிள்ளையை இதில் எளிதாகத் தோற்கடிக்கிறது.

கடைசி ஆட்டம் மீன்பிடி. யோவான் 21ஆம் அதிகாரத்தில் வலையில் அகப்பட்ட 153 மீன்களையும் நாங்கள் காலண்டர் தாளில் வெட்டுகிறோம். குறைந்தால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்துக் கேட்டுவிடுவார்கள். பழைய புடவையை விரித்து, சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் விளிம்பைப் பிடிக்க, மீன்களை நடுவில் கொட்டி, ஒன்றும் விழாமல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். உயரமானவர் குனிய வேண்டும், வேகமானவர் மெதுவாக நடக்க வேண்டும். வழியில் கட்டிலில் இருக்கும் பிள்ளைகளும் ஒரு கை கொடுப்பார்கள். குப்பத்துப் பிள்ளைகள் வந்திருந்தால் புடவை வலையாகவே மாறிவிடும். அவர்கள் போடும் சத்தத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

பரிசு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சில அன்பர்கள் வெளிநாட்டிலிருந்து சாக்லேட் முட்டைகள் அனுப்புகிறீர்கள். உங்கள் மனதுக்கு நன்றி. அவை வார்டுக்கு வந்து சேரும்போது பாயசமாகிவிடுகின்றன. பலூனும் வேண்டாம். வெடித்த துண்டைச் சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை தரக்கூடாது, அது மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பல்லாங்குழிக்கான புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். படுக்கையிலுள்ள பெரிய பெண்பிள்ளைகளுக்கோ பல்லாங்குழிதான் மணிக்கணக்கில் துணை.

நேரம் மாலை நாலரைக்குமேல், கடற்காற்று வந்தபின். ஒரு மணி நேரம் போதும். நோயுற்ற பிள்ளைகள் அதற்குமேல் களைத்துவிடுவார்கள்.

பழைய காலண்டர்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் குருத்தோலை ஞாயிறுக்குள் சிற்றாலய அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மீன் வெட்டும் வேலை ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. கத்தரிக்கோல் எங்களிடம் நான்குதான் இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.