ஏட்டுச் சுவடியும் ஒளிநாடாவும்



தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டலால் சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். பூட்டி வைத்தல் வேறு, பேணி வைத்தல் வேறு என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது. பேணப்பட்டதே ஓதப்படும், ஓதப்பட்டதே ஆராயப்படும். இது திரைப்படக் கலைக்கும் பொருந்தும்.

நெடுங்காலம் திரைப்படம் ஒருமுறை கேட்ட சொற்பொழிவைப் போலவே இருந்தது. கல்கத்தாத் திரைப்படச் சங்கம் 1947 இல் தோன்றிற்று. 1952 இல் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. 1959 இல் சங்கங்களின் கூட்டமைப்பு அமைந்தது. இவற்றால் பயன்பெற்றோர் பெரும்பாலும் மாநகரத்தார். அவர்களும் ஒரே முறை கண்டதை நினைவிற்கொண்டே வாதிட்டனர். கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் சுவைஞர்க்குத் தூர்தர்சன் ஞாயிறு பிற்பகலில் காட்டிய விருதுப் படங்களே வாயிலாயின. 1980களில் பரவிய வீடியோ கேசட்டும், பின்னர் வந்த குறுந்தகடும் இந்நிலையை மாற்றின. ஐயமுற்ற இடத்தில் நிறுத்தவும், பின்னோக்கிச் சுழற்றி மீண்டும் காணவும் இயன்றது. அன்றுதான் படம் வாசகன் கைக்கு நூலாக வந்தது எனலாம்.

கைக்கு வாராத படங்களால் நேர்ந்த இழப்பைத் தில்லையே காட்டும். நந்தனார் கதையை 1935 இல் 'பக்த நந்தனார்' என எடுத்தனர். ஆண் வேடத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக வந்தார். 1942 இல் ஜெமினியின் 'நந்தனார்' வெளிவந்தது. அதில் நடித்த தண்டபாணி தேசிகர் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். பின்னதை இன்றும் காணலாம், முன்னது அழிந்துபோயிற்று. ஒரே அடியவரை இரு பெரும் இசைவாணர் எங்ஙனம் உணர்ந்தனர் என்னும் ஒப்பாய்வுக்கு இனி இடமில்லை.

கடலூரை நோக்குவோம். இங்குப் பிறந்த ஜெயகாந்தன் நண்பர்களுடன் ஆசிய ஜோதி பிலிம்ஸ் அமைத்து, தம் கதையைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்', 'சாருலதா' முதலிடம் பெற்ற 12 ஆம் தேசிய விருதுகளில் மூன்றாம் சிறந்த படமாகத் தகுதிச் சான்று பெற்றது. நாவலை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். படத்தை அவ்வாறு எடுத்துப் பார்க்க இயலாது. எனவே அதனைப் பற்றிய பேச்செல்லாம் செவிவழிச் செய்தியாகவே நின்றுவிடுகின்றது.

மாறாக, திருப்பாதிரிப்புலியூரில் 1906 இல் பிறந்த புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி மகேந்திரன் 1979 இல் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' நம் கையில் உள்ளது. குறுநாவலையும் படத்தையும் அருகருகே வைத்து ஆராயலாம். நாவலில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். மனைவி இறந்தபின் மறுமணம் செய்தவர். படத்திலோ அப்பெயருடையவன் சிற்றூர்ப் பள்ளியை நடத்துபவன். பிறர் துயரில் மகிழ்பவன். நாவலில் முன்பே இறந்துவிட்ட தாய், படத்தில் நோயுற்ற உடலோடு நம்முன் நடமாடுகின்றாள். இறுதியில் ஊரார் அவனை ஆற்றில் இறங்கி மாளுமாறு பணிக்கின்றனர். நல்லோரான அவர்களையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதே தான் செய்த பெருந்தவறு என்கின்றான் அவன். இது கழிவிரக்கமா, இறுதிக் கொடுமையா? கரையில் ஓடும் குழந்தைகளுக்கு ஊரார் செய்தது அறமா? முதல் முறை காண்போர் ஊரார் பக்கம் நிற்பர். மறுமுறை காணும்போது, குழந்தைகளைத் தாயற்றோராக்கியது விதி, தந்தையற்றோராக்கியது ஊர் என்பது உறைக்கும். திரும்பப் பார்த்தாலன்றி இவ்வாதம் கிளைப்பதில்லை.

ஆயினும் கையிலுள்ள படி மூலப்படி ஆகாது. ஏட்டில் பாடபேதம் இருப்பதுபோல் நாடாவிலும் உண்டு. திரையரங்கில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்; நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 25. ஆதலின் 100 நிமிடப் படம் நாடாவில் 96 நிமிடமே ஓடும். நான்கு நிமிடக் காட்சியை வெட்டிவிட்டனர் என வாதிடுமுன் இக்கணக்கை அறிதல் வேண்டும். அகன்ற திரைப்படத்தைப் பழைய தொலைக்காட்சிச் சட்டம் முழுதும் நிரம்புமாறு ஏற்றுங்கால் காட்சியின் ஐந்தில் இரு பங்குக்கு மேல் மறைந்துவிடும். ஓரத்தில் நின்று அழுதவள் நாடாவில் இல்லை என்பதால், இயக்குநர் அவளை மறந்தார் என்று எழுதலாமா? உ. வே. சாமிநாதையர் ஓர் ஏட்டோடு அமையாமல் பல ஏடுகளை ஒப்பிட்ட நெறியைப் படத்தை ஆய்வோரும் மேற்கொள்ளல் வேண்டும்.

வீட்டுப் படி தாழ்ந்தது என்று ஒதுக்குவாரும் உளர். தம் 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் மூல நெகடிவ்கள் இல்லாமற்போனதை 2014 இல் மறைந்த பாலு மகேந்திரா வருந்திச் சொன்னார். எனினும் சொக்கலிங்க பாகவதரின் நடிப்பை இன்றைய மாணவர் காண்கின்றனர் எனில், அது வீட்டு வீடியோவுக்கெனப் பெயர்த்த படிகள் செய்த உதவியே. மூலம் அழிந்தபின் படியே மூலமாகின்றது.

அப்படிக்கும் ஆயுள் குறைவு. கடற்காற்றின் ஈரத்தால் நாடாவில் பூஞ்சை படரும். 2011 இல் 'தானே' புயலையும் 2015 இல் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. நாடாவை ஓட்டும் கருவியைச் செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016 இல் அதனை நிறுத்திவிட்டது. படிக்கத் தெரிந்தோர் இல்லாத எழுத்தைப் போல, ஓட்டும் கருவி இல்லாத நாடா ஊமையாகும். ஆகவே அலமாரியில் அடுக்கி மகிழ்தல் போதாது. ஒவ்வொரு படத்துக்கும் ஓடும் நேரம், தணிக்கைச் சான்றிலுள்ள நீளம், மொழி, குறை ஆகியவற்றைக் குறித்துப் பட்டியலிடுக. பழுதாகுமுன் எண்முறைக்கு மாற்றுக. உரிமையாளர் இசைவைக் கேட்டுப் பெறுக. மேலாக, தனித்துப் பார்ப்பதோடு அமையாது, திங்களுக்கு ஒருமுறை பலர் கூடிக் கண்டு, நிறுத்தி, மறுத்து, மீண்டும் காண்க.

இலக்கிய வட்டங்கள் நூலைச் சுற்றி அமைந்தவை. கதையைத் தந்த மண்ணில், அக்கதையின் திரைவடிவத்தையும் காத்து வாதிடுதல் அவற்றின் கடனே. செல் அரித்தபின் அறையைத் திறப்பதில் பயனில்லை.